மிசோரமின் வாவு எப்படிப்பட்ட காட்டில் வாழ்கிறது?

மிசோரமின் மாநிலப் பறவை என்று நீண்ட வால் கொண்ட ஒரு பறவையின் படத்தைப் பார்த்துவிட்டு, அது எப்படி வாழ்கிறது, ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது, ஏப்ரலில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துப் போனால் காண முடியுமா, அதற்கு அடர்காட்டுக்குள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகக் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. அரிய பறவை என்றால் மனிதக் காலடி படாத இருண்ட காட்டில்தான் இருக்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. நானும் அதே எண்ணத்தோடுதான் முதன்முதலில் போனேன். பாசி படர்ந்த, பகலிலும் டார்ச் தேவைப்படுகிற காடுகளில் பத்து நாள் சுற்றினேன். அட்டைகளுக்கு இரத்ததானம் செய்ததுதான் மிச்சம். பதினோராம் நாள் காலை, தங்கியிருந்த ஊரிலிருந்து இருபது நிமிட நடையில், விறகு எடுக்கப் போகிறவர்களின் பாதை வளைவில் அது நின்றுகொண்டிருந்தது.

என் அனுபவத்தின் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். வனவிலங்கு உயிரியல் படித்தவன். கிழக்கு மிசோரமின் மலைத்தொடர்களில் நான்கு பருவங்களும், மணிப்பூரின் உக்ருல் பக்கம் சில வாரங்களும் தரைவாழ் பறவைகளைத் தேடி நடந்திருக்கிறேன். இந்த நான்கு பருவங்களில் வாவுவைத் தெளிவாகப் பார்த்தது மொத்தம் 17 முறை. மியான்மர், சீனா, தாய்லாந்து பற்றி இங்கே வருவதெல்லாம் படித்ததும், அங்கே வேலை செய்த நண்பர்களிடம் கேட்டதும்தான்.

பெயரிலிருந்து தொடங்கலாம். மிசோ மொழியில் வாவு. மணிப்பூரில் நோங்கின். இரண்டு மாநிலங்களுமே இதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் மிசஸ் ஹியூம்ஸ் பெசன்ட், அறிவியல் பெயர் சிர்மாட்டிகஸ் ஹூமியே. பெசன்ட் என்ற சொல்லுக்கு நம்மிடம் பழகிய தமிழ்ப்பெயர் இல்லை. பழைய ஆங்கில நூல்களில் செம்போத்தை ‘க்ரோ பெசன்ட்’ என்று எழுதிவைத்ததால், இதையும் செம்போத்து வகை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. செம்போத்து குயில் இனம். அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. வாவுவின் சொந்தக்காரர்கள் மயிலும் காட்டுக்கோழியும்தான். உடல்வாகும் நடையும் மண்ணைக் கிளறும் பழக்கமும் காட்டுக்கோழிக்கு மிக நெருக்கம். நான் இங்கே வாவு என்றே எழுதுகிறேன். அந்த மலையில் யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர்தான் பயன்படும்.

யார் இந்த மிசஸ் ஹியூம் என்பது தனிக்கதை. இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கிவைத்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் மனைவி, மேரி ஆன் கிரிண்டால். ஹியூம் ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே அந்தக் காலத்து இந்தியாவின் மிகப் பெரிய பறவைச் சேகரிப்பை உருவாக்கியவர். 1881-இல் மணிப்பூருக்குப் பறவை தேடிப் போனவருக்கு இந்தப் பறவை கிடைத்தது. அதுவரை அறிவியலுக்குத் தெரியாத பறவை என்பதால் மனைவியின் பெயரையே சூட்டிவிட்டார். அதன்பின் நடந்ததுதான் சோகம். இந்தியப் பறவைகளைப் பற்றி முழுமையான நூல் எழுத அவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, சிம்லா வீட்டில் அவர் இல்லாத சமயத்தில், ஒரு வேலையாள் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்துப்போன ஹியூம், 80,000-க்கு மேற்பட்ட தோல்களும் முட்டைகளும் அடங்கிய சேகரிப்பை 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பறவைகளைக் கைகழுவினார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. அந்தக் காகிதங்கள் பிழைத்திருந்தால் வாவுவைப் பற்றி அவர் இன்னும் என்னவெல்லாம் எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி பறவை. ஆண் ஏறத்தாழ 90 செ.மீ. நீளம், அதில் பாதியளவு வால்தான். உடல் ஆழ்ந்த செம்பழுப்பு. தலை சாம்பல் கலந்த பழுப்பு, கண்ணைச் சுற்றி இறகில்லாத சிவப்புத் தோல். கழுத்திலும் மார்பின் மேற்பகுதியிலும் நீலக்கருமை. வெயில் பட்டால்தான் அந்த நீலம் மின்னும், நிழலில் வெறும் கருப்பு. மடக்கிய இறக்கையின் மேல் வெள்ளைப் பட்டைகள் சுண்ணாம்பால் இழுத்த கோடுகள்போல் தெரியும். வால் சாம்பல் நிறம், குறுக்கே பழுப்பும் கருப்புமான பட்டைகள். மயில் தோகைபோல வளையாமல், குச்சிபோல நேராக நீட்டிக்கொண்டிருக்கும். படங்களில் பளிச்சென்று தெரிகிற இந்தப் பறவை, காய்ந்த புல்லும் பைன் ஊசியிலைகளும் கிடக்கும் சரிவில் அசையாமல் நின்றால் கண்முன்னே காணாமல் போய்விடும். பட்டை போட்ட அந்த வால் ஒரு காய்ந்த தண்டாகிவிடுகிறது. முதலில் கண்ணில் படுவது இறக்கையின் வெள்ளைக் கோடுதான். பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. சுமார் 60 செ.மீ. நீளம், புள்ளியும் கீற்றுமான பழுப்பு உடம்பு, குட்டை வால், வால் நுனியில் வெள்ளை. பறந்து போகும்போது அந்த வெள்ளை நுனியை வைத்துத்தான் பெரும்பாலும் அடையாளம் காண வேண்டியிருக்கும். அதே மலைகளில் காலிஜ் பெசன்ட் அதிகம் இருப்பதால், ஒரு பெண் வாவுவைப் பார்த்துவிட்டுக் காலிஜ் என்று எழுதி வைத்தவர்கள் நிறைய. என் முதல் ஆண்டுக் குறிப்பேட்டிலும் அப்படி இரண்டு பக்கங்கள் உண்டு என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

இதன் பேரினமான சிர்மாட்டிகஸில் ஐந்து இனங்கள். நடு சீனாவில் வாழும் ரீவ்ஸ் பெசன்ட், தென்கிழக்குச் சீனாவின் எலியட்ஸ், ஜப்பானின் செம்பு நிறப் பெசன்ட், தைவானின் மிகாடோ, கடைசியாக நம் வாவு. ரீவ்ஸின் வால் இரண்டு மீட்டரைத் தாண்டும். சீன இசை நாடகங்களில் போர்வீரர் வேடத்தில் தலைக்கு மேல் ஆடுகிற இரண்டு நீண்ட இறகுகள் அதனுடையவைதான். மிகாடோ அறிவியலுக்குத் தெரியவந்தது 1906-இல், தைவானின் பழங்குடி ஒருவர் தலையில் செருகியிருந்த இரண்டு வால் இறகுகளை வால்டர் குட்ஃபெல்லோ என்ற சேகரிப்பாளர் கவனித்ததால். பறவையியலாளர் பறவையைப் பார்ப்பதற்கு எவ்வளவோ முன்பே மலைவாசி அதன் இறகைச் சூடியிருக்கிறார். இந்த ஐந்தின் வரலாறும் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் இருக்கிறது: வால்தான் பெருமை, வால்தான் வினை.

எங்கே வாழ்கிறது? இந்தியாவில் மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து மலைகளில். எல்லை தாண்டினால் மியான்மரின் சின் மலைகளிலிருந்து கிழக்கே ஷான் மலைகள் வரை, பிறகு வடக்குத் தாய்லாந்து, சீனாவின் யுன்னான், குவாங்சி. நடுவே ஐராவதி ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு மேற்கே ஒரு துணையினம், கிழக்கே இன்னொன்று. அகன்ற தாழ்வான சமவெளியைத் தாண்டிப் பறந்து போகிற பறவை அல்ல இது. எனவே ஆறும் அதன் பள்ளத்தாக்கும் சேர்ந்து மதில்போல நின்று இரண்டையும் பிரித்துவிட்டன. வரைபடத்தில் இந்தப் பரப்புக்கு வண்ணம் தீட்டினால் பெரிய நாடு போலத் தெரியும். உண்மையில் அது தீவுக்கூட்டம். பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல், சரியான காடு இருக்கிற மலைமுகடுகளும் சரிவுகளும் மட்டுமே தீவுகள். மற்றதெல்லாம் அதற்குக் கடல்.

அந்தச் சரியான காடு எது என்பதில்தான் நான் பத்து நாள் ஏமாந்தேன். வாவுவுக்குப் பிடித்தது ஓக் மரங்களும் அங்கங்கே பைனும் நிற்கும், ஓரளவு வறண்ட, வெளிச்சம் தரைவரை இறங்குகிற காடு. பாறை துருத்திய செங்குத்துச் சரிவு. மரங்களுக்கு நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் முழங்கால் உயரப் புல், பெரணி, சிறு புதர். பக்கத்திலேயே திடீரென்று புல்வெளியோ பாறைமுகமோ திறந்துகொள்ள வேண்டும். மிசோரமின் உயர்ந்த சிகரமான பாங்புய், 2,157 மீட்டர், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் மேலே புல்வெளி, மேற்குப் பக்கம் கால் கூசுகிற அளவுக்குச் செங்குத்தான பாறைச்சுவர். இரண்டுக்கும் இடையே காடு ஓரம்கட்டி நிற்கிறது. கோரல் என்னும் மலையாட்டு இனம் உலவுகிற அதே பாறை விளிம்புகளை ஒட்டித்தான் வாவுவும் நடமாடும். அடர்ந்த, ஈரமான உள்காடு பிளித்ஸ் ட்ராகோபான் என்ற வேறொரு பெசன்டின் வீடு. ஒரே மலையில் இரண்டும் இருந்தாலும் இவை சந்தித்துக்கொள்ளும் இடம் குறைவு.

ஏன் சரிவு, ஏன் திறந்த காடு என்பதற்குப் பறவையின் உடம்பிலேயே விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். அரை மீட்டர் வாலை இழுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குள் நுழைவது லேசான காரியம் அல்ல. மேலும் மலைப் பெசன்டுகள் தப்பிக்கும் விதம் ஒன்றுண்டு: சின்ன ஆபத்தென்றால் மேல்நோக்கி ஓடும், பெரிய ஆபத்தென்றால் கீழ்நோக்கிப் பறக்கும். கனத்த உடம்பும் குட்டை இறக்கையும் கொண்ட பறவை மேலே எழும்பிப் பறப்பது பெரும்பாடு. சரிவில் தன்னை விட்டெறிந்தால் நொடியில் பள்ளத்தாக்கின் மறுபக்கம் போய்விடலாம். செங்குத்துச் சரிவு அதற்குப் பின்வாசல் மாதிரி. ஓடவும் பறக்கவும் சரிவு தேவை என்பது கண்ணால் கண்டது. வால்தான் காட்டைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்பது என் ஊகம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய பிகு இல்லை. ஓக் கொட்டைகள், விதைகள், கீழே விழுந்த பழங்கள், மொட்டு, இளந்தளிர், வேர், எறும்பு, புழு, மண்புழு. காலையில் வெளிச்சம் வந்து ஒரு மணி நேரமும், வெயில் சாயும்போது ஒரு மணி நேரமும்தான் திறந்த இடத்துக்கு வரும். நடுப்பகலில் புதர் நிழல். இரவில் மரக்கிளையில் அடையும். குளிர்காலத்தில் மூன்று நான்கு பறவைகள் சேர்ந்து மேய்வதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஓர் ஆண், இரண்டு பெண்கள். இதை வைத்து ஆண் பல துணைகளை வைத்துக்கொள்ளும் என்று எழுதுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் அது வழக்கம்தான். ஆனால் குளிர்காலக் கூட்டத்தை வைத்து இனப்பெருக்கக் காலக் குடும்பத்தை முடிவுசெய்வது, கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை உறவினர் என்று எண்ணுவது போன்றது. சரியாகச் சொல்ல வேண்டுமானால் காலில் அடையாள வளையம் மாட்டிய காட்டுப் பறவைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

மார்ச்சிலிருந்து மே வரை இனப்பெருக்கக் காலம். கூடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான்: மரத்தடியிலோ பாறையோரத்திலோ புல் மறைவில் காலால் பறித்த ஒரு பள்ளம், அதில் கொஞ்சம் சருகு, ஓரிரு இறகு. ஆறு முதல் பத்து முட்டைகள் சாதாரணம், வெளிர் பால்நிறம். அடைகாப்பது பெண் மட்டும். 27, 28 நாளில் குஞ்சு பொரியும். பொரித்த அன்றே குஞ்சுகள் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். தாய் கிளறிக் காட்டுவதைக் கொத்திக்கொள்ளும். முதல் வாரங்களில் அவற்றுக்குப் பூச்சிதான் உணவு. இந்த அடைகாப்புக் கணக்கெல்லாம் பெரும்பாலும் கூண்டில் வளர்க்கப்பட்ட பறவைகளிலிருந்து வந்தது. நாள் கணக்கு காட்டிலும் மாறாது என்று நம்பலாம். ஆனால் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்பதைக் கூண்டிலிருந்து காட்டுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. கூண்டில் மரநாயும் இல்லை, காட்டுத்தீயும் இல்லை.

தீ என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த மலைகளில் ஜூம் சாகுபடி நடக்கிறது. காட்டின் ஒரு துண்டை வெட்டிக் காயவிட்டு, மார்ச் வாக்கில் எரித்து, மழைக்கு முன் நெல்லும் காய்கறியும் விதைத்து, ஓரிரு போகத்துக்குப் பின் அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் புகையைப் பார்த்ததும் ‘காடு அழிகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். வாவு விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுத முடியாது. ஓக், பைன் காடுகளின் அடித்தளம் புல்லாகத் திறந்து கிடப்பதற்கு அவ்வப்போது தரையை நக்கிக்கொண்டு போகும் லேசான தீயும் ஒரு காரணம். தீயே வராமல் விட்டால் அடியில் புதர் மண்டி, காடு இருண்டு, வாவுவுக்குப் பொருந்தாததாக மாறுகிறது. ஆனால் அதே தீ, அதே மார்ச் ஏப்ரலில், தரையில் எட்டு முட்டை இட்டு உட்கார்ந்திருக்கும் பறவையின் மேலும் போகிறது. ஒரே நெருப்பு வீட்டையும் கட்டுகிறது, கூட்டையும் எரிக்கிறது. தரிசு விடும் காலம் இருபது ஆண்டாக இருந்தபோது கணக்கு ஒரு மாதிரி. ஐந்தாறு ஆண்டாகச் சுருங்கும்போது ஓக் மரம் காய்க்கும் வயதுக்கு வருவதற்குள் மறுபடி வெட்டு விழுகிறது. எனக்குத் தெரிந்தவரை தீயைவிட இந்தச் சுருக்கம்தான் கெடுதல். எத்தனை ஆண்டுத் தரிசில் வாவு திரும்பி வருகிறது என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

மிசோரமில் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஊரைச் சுற்றி ஜூம் தீ வீடுகளுக்கு வராமல் தடுக்க ஒரு வளையக் காட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அது பாதுகாப்புக் காடு. அதைத் தாண்டி விறகுக்கும் வீட்டு மரத்துக்கும் ஒரு தேவைக் காடு. அதில் ஆட்கள் போய் வந்துகொண்டே இருப்பார்கள், அளவாக வெட்டுவார்கள், அதனாலேயே காடு முழுதாக மூடிக்கொள்வதும் இல்லை, முழுதாக அழிவதும் இல்லை. நான் முதன்முதலில் வாவுவைப் பார்த்தது அப்படி ஒரு தேவைக் காட்டில்தான். கோவிலும் சர்ச்சும் அல்ல, தேசியப் பூங்காவும் அல்ல, விறகுக் காடு. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எழுபதை நெருங்கிய பழைய வேட்டைக்காரர். ‘க பூ’ என்றுதான் அழைப்பேன். பெரியவர்களை அங்கே அப்படி அழைப்பது மரியாதை. அவர் பாதை வளைவில் நின்று, கையைத் தொடையருகே வைத்து இரண்டு விரலை மட்டும் அசைத்தார். பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பதினைந்து மீட்டர் தூரத்தில் ஓர் ஆண், ஓக் சருகை வலது காலால் இரண்டு முறை, இடது காலால் ஒரு முறை பின்னால் தள்ளிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. வால் நுனியில் ஒரு சிலந்தி வலை நூல் ஒட்டி, அதில் ஒரு சருகுத் துணுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றது தெரிந்ததும் ஓடவில்லை. மூன்று அடி மேலே நடந்து, ஒரு பெரணிக்குப் பின்னால் போய், அவ்வளவுதான். அந்தப் பெரணியைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றோம். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: சிறுவயதில் அவர் கையில் கவண் இருந்திருந்தால் இந்நேரம் இறகு பிடுங்கிக்கொண்டிருப்போமாம்.

அந்தப் பேச்சு என்னை இரண்டாவது பெரிய காரணத்துக்குக் கொண்டுவருகிறது. வாவு அரிதானது காடு சுருங்கியதால் மட்டும் அல்ல, வேட்டையால். மலைச்சரிவில் குறுக்காக, முழங்கால் உயரத்தில், குச்சிகளையும் கிளைகளையும் நட்டு ஒரு குட்டி வேலி போடுவார்கள். சில நேரம் நூறு மீட்டருக்கு மேலும் போகும். ஆங்காங்கே ஒரு கோழி நுழைகிற அளவு இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் வளைத்துக் கட்டிய இளங்கொம்பில் ஒரு கண்ணி. தாண்டிப் பறந்தால் ஒரு நொடி வேலை. ஆனால் தரைப்பறவைக்கு அப்படித் தோன்றாது. வேலி ஓரமாகவே நடந்து, திறந்த வழியைக் கண்டதும் தலையைக் குனிந்து நுழையும். பறக்கத் தெரிந்த பறவையை நடக்கும் பழக்கத்தாலேயே பிடிக்கிற கருவி இது. காலிஜும் மாட்டும், வாவுவும் மாட்டும். கண்ணிக்கு இனம் தெரியாது. காலிஜ் எண்ணிக்கையில் அதிகம், பலவகைக் காட்டில் இருக்கிறது, இழப்பைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு முகட்டில் ஐந்தாறு வாவு மட்டும் இருந்து, அதில் இரண்டு மாட்டினால் அந்த முகடு காலி. பக்கத்துத் தீவிலிருந்து கடல் தாண்டி வேறு பறவை வந்து இடத்தை நிரப்பவும் போவதில்லை. தொலைதூரப் பறவை நடந்து ஊருக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்வதில்லை. ஊருக்குப் பக்கத்துக் காடே அதன் காடாக இருக்கிறது என்பதுதான் அதன் கெட்ட நேரம்.

சட்டம் என்னவோ பலமாகத்தான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது புலிக்கு உள்ள அதே தகுதி. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் முதல் இணைப்பு. உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ‘அச்சுறுத்தலை நெருங்கும் நிலை’. வீட்டில் வளர்க்கலாமா என்று யாராவது உங்களைக் கேட்டால், இந்தியக் காட்டுப்பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் மலையுச்சி ஊரில் கண்ணி வைப்பதும் வைக்காததும் சட்டப் புத்தகத்தைவிட ஊரார் முடிவைப் பொறுத்தது. 2012-இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமுர் வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வலையில் பிடிக்கப்பட்டது செய்தியாகி, மறு ஆண்டே ஊர்கள் சேர்ந்து நிறுத்தின என்பது எல்லோரும் சொல்லும் வெற்றிக்கதை. அதை வாவுவுக்கும் அப்படியே பொருத்திப் பேசுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வல்லூறு வானத்தை மறைத்துக்கொண்டு ஒரே பருவத்தில் வருகிறது. வலையில் விழுவதும் ஊர் முழுக்கத் தெரியும், நிறுத்தினதும் தெரியும். வாவு ஆண்டு முழுவதும் அங்கேயே, ஒவ்வொன்றாக, யாருக்கும் தெரியாமல் குறைகிறது. மிசோரமில் சில ஊர்களில் இளைஞர் சங்கத்தினரே வேட்டைக்குத் தடை போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க் காடுகளில் கண்ணி வேலிகள் அழுகிக் கிடப்பதை நேரில் பார்த்தேன். பறவை கூடியிருக்கிறதா என்று அந்த வேலியை வைத்துச் சொல்ல முடியாது.

ஏன் சொல்ல முடியாது என்றால் வாவுவை எண்ணுவது அவ்வளவு சிரமம். மலைக்காட்டுக் கோழியினங்களைப் பெரும்பாலும் காதால் எண்ணுவார்கள். விடியலில் குறிப்பிட்ட இடங்களில் நின்று எத்தனை ஆண் கூவுகிறது என்று கணக்கிட்டால் ஓரளவு எண்ணிக்கை வந்துவிடும். ட்ராகோபானுக்கு இது ஒத்துவரும். வாவுவோ ஊரைக் கூட்டிக் கூவுகிற பறவை அல்ல. தாழ்ந்த குரலில் முனகல், பதறினால் சில கொக்கரிப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இறக்கையைப் படபடவென்று அடிக்கும் ஓசை. அந்த இறக்கை ஓசையும் நூறு மீட்டருக்கு மேல் கேட்பது கடினம். ஆகவே தானியங்கிக் கேமராக்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கேமரா ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்லும். ‘எத்தனை இருக்கிறது’ என்று சொல்லாது, ஏனென்றால் ஓர் ஆணுக்கும் அடுத்த ஆணுக்கும் வேறுபாடு காண முடிவதில்லை. உலகத்தில் இத்தனை வாவு மிச்சம் என்று எங்காவது எண் எழுதியிருந்தால், அது காட்டின் பரப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தலை எண்ணிப் பார்த்தது அல்ல. குறைந்துகொண்டு வருகிறது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஐந்து நாளில் ஐஸாலுக்குப் போய், அங்கிருந்து மலைப்பாதையில் பாங்புய்க்கோ சம்பாய் மாவட்டத்து முர்லென் தேசியப் பூங்காவுக்கோ சேர்ந்து, திரும்பி வருவதிலேயே இரண்டு நாளுக்கு மேல் போய்விடும். மிச்சம் இரண்டு மூன்று விடியல்கள். என் கணக்கில் பார்க்காமல் திரும்பவே வாய்ப்பு அதிகம். முடிந்தால் விடுப்பை எட்டு நாளாக்கிக்கொள்ளுங்கள், ஏப்ரல் கடைசியைவிட மார்ச்சைத் தேர்ந்தெடுங்கள். மழை தொடங்கிவிட்டால் பனிமூட்டமும் அட்டையும் சேர்ந்துகொள்ளும், சருகு நனைந்து சத்தமே வராது. மிசோரமுக்குள் நுழைய வெளிமாநில இந்தியர்களுக்கு உள்கோட்டு அனுமதிச் சீட்டு வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஊர்த் தலைவரைப் பார்த்துவிட்டு உள்ளூர் ஆளோடு மட்டும் காட்டுக்குப் போங்கள்; பழைய வேட்டைக்காரர் கிடைத்தால் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. படம்தான் முக்கியம், இடம் எதுவானாலும் சரி என்றால் வடக்குத் தாய்லாந்தின் தோய் லாங் பக்கம் விடியலில் சாலையோரம் வண்டியிலேயே உட்கார்ந்து காத்திருந்து பார்த்தவர்கள் பலர். அங்கே போனவர்கள் என்னைவிடக் குறைந்த நேரத்தில் என்னைவிட நல்ல படம் எடுத்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

கைபேசியில் குரல் ஒலிக்கவிட்டு அழைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கூவாத பறவையிடம் அது எடுபடாது; கூட்டில் இருக்கும் பெண்ணை எழுப்பி ஓட்டுவதுதான் மிச்சம். வால் இறகை விலைக்கு விசாரிக்கவும் வேண்டாம். வாங்குவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வெளியூர்க்காரர் விலை கேட்டார் என்ற செய்தி அடுத்த ஊர்வரை போகும். காட்டில் நடந்து தேடுவதைவிட, ஓக் மரங்கள் உள்ள சரிவில் பாதை வளைகிற இடத்தில், விடிவதற்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள். கண்ணைவிடக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாட்டுப்பறவைகள் சருகைப் புரட்டும் சத்தம் விட்டுவிட்டு, சின்னச்சின்னதாக, ஒரே இடத்தில் நில்லாமல் வரும். வீட்டுக்கோழி குப்பையைக் கிளறுவதுபோல இரண்டு மூன்று பலத்த இழுப்பு, பிறகு முழு அமைதி, மறுபடி அதே இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு என்று கேட்டால் அந்த அமைதியின்போது அசையாதீர்கள். அப்போதுதான் அது தலையைத் தூக்கி உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.